ஒரு பென்னி தபால் தலை
1840-க்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்குப் பெரும்பாலும் காசு கொடுத்தவர் அனுப்பியவர் அல்ல, பெறுபவர். தூரமும் தாள்களும் கூடக் கூடக் கட்டணமும் ஏறும். அவர் வாங்க மறுத்தால் சுமந்து வந்த உழைப்பு வீண். கடிதத்தின் மேல்புறத்திலேயே ரகசியக் குறி போட்டு இலவசமாகச் சேதி சொன்ன கில்லாடிகளும் இருந்தார்கள்!

அனுப்புபவரே முன்கூட்டிக் காசு கட்டட்டும் என்று ஆங்கிலேயரான ரோலண்ட் ஹில் முன்வைத்த சீர்திருத்தத்தால் 1840 மே மாதம் உலகின் முதல் ஒட்டும் தபால் தலையான 'பென்னி பிளாக்' வந்தது. அரை அவுன்ஸ் வரை, நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி. ஒரு தாளில் 240 தலைகள். இடையில் துளைகள் கிடையாது, கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த கூத்து இனிமேல்தான். கறுப்புத் தலையில் சிவப்பு மையால் முத்திரை குத்தினார்கள். சிலர் மையைக் கழுவிவிட்டு அதே தலையை மறுபடி ஒட்டினார்கள். மறு ஆண்டே தலை சிவப்பானது, முத்திரை கறுப்பானது.