பாடகியின் காலடியில் ஒரு டேப் ரெக்கார்டர்

2 மார்ச் 2024, சனி

கொஞ்ச நாளாக வீட்டில் ஓடுவது ஒரே பதிவுதான். கனடாப் பாடகி ஜோனி மிட்செல் 1968 மார்ச் 19 இரவு இதே ஒட்டாவாவில், சசெக்ஸ் டிரைவில் இருந்த லு ஹிபூ என்ற காபி கிளப்பில் பாடியது. பதிவுசெய்தது எந்தக் கம்பெனியும் இல்லை. பார்க்க வந்த ஒருவர் ரீல் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எடுத்தது. அந்த ஒருவர் ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

கேட்பவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள், ஏதோ கட்டுக்கதை என்று. கதையில்லை. அன்று ஹெண்ட்ரிக்ஸ் இந்த ஊர் கேபிடல் தியேட்டரில் வாசித்தார். அந்த நாட்களில் அவர் ஒரு டைரி எழுதிவந்தார். மார்ச் 19 பக்கத்தில், ஜோனியுடன் போனில் பேசியதையும், தன் அருமையான டேப் ரெக்கார்டரில் இன்றிரவு அவரைப் பதிவுசெய்யப்போவதையும் எழுதியிருக்கிறார். கச்சேரிக்குப் பிறகு சின்ன கிளப்புக்குப் போனோம், அற்புதமான பெண், பாட்டு வரிகள் தேவலோகத்துச் சரக்கு என்கிற தொனியில் இன்னும் கொஞ்சம்.

டைரி எழுதுகிற பழக்கம் அவருக்கும் இருந்தது என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

5 மார்ச், செவ்வாய்

இன்று ஒன்றைக் கவனித்தேன். 2024 காலண்டரும் 1968 காலண்டரும் ஒன்றே. இரண்டும் லீப் வருடம், இரண்டும் திங்களில் தொடங்குகின்றன. அன்றும் மார்ச் 19 செவ்வாய்க்கிழமை. வாரநாளில் ஒரு கிளப்பில் கூட்டம் எவ்வளவு இருந்திருக்கும்?

வேலை அதிகம். இவ்வளவுதான்.

9 மார்ச், சனி

அந்த நாளில் யார் எங்கே நின்றார்கள் என்பதை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பதிவின் விசேஷம் பிடிபடாது.

ஜோனிக்கு அப்போது 24 வயது. ஆல்பர்ட்டாவில் பிறந்து சாஸ்கட்டூனில் வளர்ந்த பெண். ஒன்பது வயதில் போலியோ வந்து இடது கை பலவீனமானது. வழக்கமான கிட்டார் பிடிகள் அந்தக் கைக்குச் சிரமம். அதனால் தந்திகளின் சுருதியையே தன் விருப்பத்துக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார். அவர் பாட்டுகளுக்கு அந்தத் தனி நிறம் வந்தது இப்படித்தான். முதல் இசைத்தட்டு அந்த மார்ச்சில்தான் வெளிவந்தது. பாடகி என்பதைவிடப் பாட்டு எழுதுகிறவர் என்றுதான் அதுவரை பேர். அவர் எழுதியதை டாம் ரஷ், ஜூடி காலின்ஸ் போன்றவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். 'போத் சைட்ஸ் நவ்' ஜூடி காலின்ஸ் குரலில் பெரிய ஹிட்டானது அந்த ஆண்டுக் கடைசியில்.

ஹெண்ட்ரிக்ஸுக்கு 25. முந்தைய ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே இசைவிழாவில் கிட்டாருக்குத் தீ வைத்து அமெரிக்காவையே திரும்பிப் பார்க்கவைத்தவர். அதாவது அந்த அறையில் ஆகப் பெரிய நட்சத்திரம் மேடையில் இல்லை. கீழே உட்கார்ந்து மைக் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜோனி பிற்பாடு சொன்னது இது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசலில் நிற்கிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கையில் பெரிய பெட்டியோடு நிற்கிறார். தன் பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு, நீங்கள் இருக்கும் ரெப்ரைஸ் கம்பெனியில்தான் நானும் இருக்கிறேன், உங்கள் கச்சேரியைப் பதிவுசெய்துகொள்ளலாமா என்று கேட்டார். தாராளமாக என்றார் ஜோனி. மேடை ஓர் அடி உயரம்தான். ஹெண்ட்ரிக்ஸ் மேடை விளிம்பில் மண்டியிட்டு, கச்சேரி முழுக்கத் திருகுகளைத் திருகியபடியே இருந்தாராம்.

அந்தப் பேரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டிய அவசியம் 1968இல் ஹெண்ட்ரிக்ஸுக்கு இருந்ததா என்ன! அனுமதி கேட்டார் பாருங்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

10 மார்ச், ஞாயிறு

ரசிகர் எடுத்த பதிவு என்றாலே நமக்கு ஓர் எண்ணம் உண்டு. கோட்டுக்குள் மறைத்த மைக், பக்கத்து இருக்கை இருமல், தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற பாட்டு. அது பொய்யும் இல்லை. பாடகர் பாப் டிலனின் 1966 கச்சேரிகளை 2016இல் 36 தட்டுகளாக வெளியிட்டார்களே, அதில் சில ஊர்களுக்கு ரசிகர் எடுத்த நாடாவைத் தவிர வேறு கிடைக்கவில்லை. அவற்றைக் கேட்கப் பொறுமை வேண்டும். சரித்திரம் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்க முடிகிறது, எனக்காவது.

காரணம் எளிது. பாடுகிறவர் வாயிலிருந்து நேராக வரும் ஒலி, தூரம் கூடக்கூடக் குறைகிறது. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. இருபதாவது வரிசையில் மைக் இருந்தால் அதில் விழுவது பெரும்பாலும் அரங்கம்தான். பாட்டு கொஞ்சம்தான். நம் காது அதைப் பிரித்துக் கேட்டுவிடும், மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

ஹெண்ட்ரிக்ஸின் மைக் ஜோனியின் காலடியில் இருந்தது. சின்ன அறை, ஒரு குரல், ஒரு கிட்டார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. மீதிப் பாதி அந்தத் திருகுகள். மெதுவாகப் பாடும்போது அளவைக் குறைத்து வைத்திருந்தால் நாடாவின் இரைச்சல் மேலே வந்துவிடும். குரல் ஓங்கும்போது கூட்டி வைத்திருந்தால் ஒலி உடைந்துவிடும். ஒலி அளவு காட்டும் ஊசியைப் பார்த்துக்கொண்டே, அடுத்து குரல் எங்கே போகும் என்று ஊகித்துக் கையை நகர்த்த வேண்டும். அந்த ஊகம் ஒரு பாட்டுக்காரனுக்கு வராமல் யாருக்கு வரும்?

14 மார்ச், வியாழன்

இன்று மாலை முதல் இசைத்தட்டையும் இந்தப் பதிவையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டிலும் உள்ள 'த டான்ட்ரெடர்' பாட்டை மட்டும்.

இசைத்தட்டைத் தயாரித்தவர் பாடகர் டேவிட் கிராஸ்பி. ஜோனியை அப்படியே விட்டுவிட வேண்டும், டிரம்ஸும் எலெக்ட்ரிக் கிட்டாரும் போட்டுக் கெடுத்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம். ஆனால் செய்த காரியம் ஒன்று வினையாகிவிட்டது. பியானோவைத் திறந்துவைத்து, ஜோனியை அதற்குள் பாடச் சொன்னார். குரலுக்குத் தந்திகள் தாமாக அதிரும், அந்த அதிர்வையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்று கணக்கு. அதற்கு வைத்த மைக்குகளால் நாடாவில் இரைச்சல் ஏறிவிட்டது. இரைச்சலை வடிகட்டப்போய், அதோடு குரலின் மேல் பளபளப்பும் போய்விட்டது. ஜெல்லிக் கிண்ணத்துக்கு அடியில் பதிவுசெய்தது மாதிரி இருக்கிறது என்று ஜோனியே சொல்லியிருக்கிறார். 2021இல் அந்த ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள்.

ஹாலிவுட்டில் ஸ்டுடியோ, பொறியாளர்கள், கம்பெனிப் பணம். இங்கே ஒரு பெட்டி, ஒரு கை. என் காதுக்குப் பெட்டிதான் ஜெயிக்கிறது. ஸ்டுடியோவில் யாருமில்லாத இடத்தை நோக்கிப் பாடுகிறார். இங்கே இரண்டடி தள்ளி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கச்சேரியில் ஒரு பகுதியை அவருக்காகவே பாடியதாக ஜோனி சொல்கிறார். ரசிகர் பதிவு என்றால் நடந்ததை ஓரமாக நின்று பிடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பிடிக்க வந்தவரே பாட்டைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார் இங்கே.

இதை நண்பரிடம் சொன்னேன். "இதுல என்ன அதிசயம்? முன் வரிசையில ஒரு வித்வான் உட்கார்ந்தா நம்ம ஊர்க் கச்சேரி மாறாதா?" என்றார். மாறும்தான். மதுரை மணி ஐயரை இன்று நாம் கேட்பதும் யார் யாரோ ஸ்பூல் டேப்பில் எடுத்துவைத்த கச்சேரிகளின் தயவால்தானே.

17 மார்ச், ஞாயிறு

வெயில் நன்றாக இருந்ததால் சசெக்ஸ் டிரைவ் வரை போய்வந்தேன். 521ஆம் எண். லு ஹிபூ 1975இல் மூடிவிட்டது. நியூயார்க் போலவோ லண்டன் போலவோ ஆள் திரளாத ஊரில், லியோனார்ட் கோஹன், கார்டன் லைட்ஃபுட் போன்ற பாடகர்கள் வந்துபோன இடம் அது. இப்போது கீழே கடைகள், பைகளோடு சுற்றுலாக்காரர்கள். பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை எனக்கு. ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த கேபிடல் தியேட்டரை 1970லேயே இடித்துவிட்டார்கள்.

அங்கிருந்து ஷாத்தோ லோரியே ஹோட்டலுக்கு நடந்தேன், பக்கம்தான். கச்சேரி முடிந்து ஜோனி, ஹெண்ட்ரிக்ஸ், அவர் டிரம்ஸ்காரர் மிட்ச் மிட்செல் மூவரும் அங்கே அறையில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்து நாடாவைப் போட்டுக் கேட்டார்களாம். ஹோட்டல்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, வந்து வந்து கலைத்தார்கள் என்பது ஜோனியின் நினைவு. மறுநாள் ஹெண்ட்ரிக்ஸ் டைரியில் ஜோனியிடம் விடைபெற்றது, காரில் தூங்கியது, நெடுஞ்சாலை ஓரத்தில் சாப்பிட நிறுத்தியது எல்லாம் இருக்கின்றன.

19 மார்ச், செவ்வாய்

அதே தேதி, அதே கிழமை. முழுப் பதிவையும் ஹெட்ஃபோனில் கேட்டேன், போனை அணைத்துவிட்டு.

இன்று மனம் பாட்டுகளுக்கு நடுவில்தான் நின்றது. ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி மாற்ற வேண்டியிருந்ததால் ஜோனி பேசியாக வேண்டும். தந்தியை முறுக்கிக்கொண்டே கதை சொல்லும் பழக்கம் அப்படி வந்ததுதான். இசைத்தட்டில் அதற்கு இடமில்லை, வெட்டிவிடுவார்கள். அந்தப் பேச்சில் பின்னால் வரப்போகிற பெரிய ஜோனி இன்னும் இல்லை. அறை தன்னை விரும்புகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டிருக்கும் ஒரு பெண் இருக்கிறார். கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் குறும்பு.

23 மார்ச், சனி

நண்பர் போன் செய்தார். நாடா திருடுபோனது பற்றிப் பேச்சு நீண்டது.

பதிவுசெய்து சில நாட்களிலேயே அந்த நாடா களவுபோனது. ஹெண்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பரில் லண்டனில் இறந்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் தொலைந்ததாகவே எல்லோரும் நினைத்திருந்த நாடா ஒரு தனியார் சேகரிப்பில் கிடைத்து, ஜோனி கைக்குத் திரும்பி, 2021இல் அவருடைய ஆவணத் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில் வெளிவந்தது.

திருடியவன் இல்லாவிட்டால் இது பிழைத்திருக்காது என்பது நண்பர் கட்சி. ஊர் ஊராகப் போகும் வண்டியில் கிடந்திருந்தால், அதன் மேலேயே வேறு எதையாவது பதிவுசெய்திருப்பார்களாம். இருக்கலாம். ஆனாலும் திருடனுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாடியவருக்கு அது எழுபது வயதுக்கு மேல்தான் திரும்பக் கிடைத்தது, பதிவுசெய்தவருக்குக் கிடைக்கவேயில்லை.

தன்னை நாட்டுப்புறப் பாடகி என்று ஒதுக்கியதில் எரிச்சல்பட்டு, ஆரம்ப காலப் பதிவுகளை வெகுநாள் ஜோனி சட்டை செய்யவில்லை. முதல் பாகத்துக்காக உட்கார்ந்து கேட்ட பிறகு, அவை அழகாக இருக்கின்றன, என் தொடக்கத்தை மன்னித்துவிட்டேன் என்று சொன்னார். அந்த முதல் பாகத்தில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் 1967இல் பாடிய கச்சேரி ஒன்று இருக்கிறது. அடுத்தது அதுதான். நண்பர் ஏற்கெனவே கேட்டுவிட்டாராம், லு ஹிபூவைவிட அதுதான் உசத்தி என்கிறார். பார்க்கலாம்.