தெராவுச்சி கல்லுக்கு முன்னால்

பெரியவர் கேட்டதற்கு "தெரியாதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வேனுக்குக் கூட்டிப் போயிருக்கலாம். வழிகாட்டி வேலையில் அது ஒன்றும் பாவமில்லை. ஆனால் நான் பதில் சொன்னேன். சொன்னது சரி என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் தோன்றுவதில்லை.

சிங்கப்பூர் ஹவ்காங்கில் இருக்கும் ஜப்பானியர் கல்லறைப் பூங்கா வழக்கமான சுற்றில் வராது. கிராஞ்சி போர்க் கல்லறையைப் பார்த்து முடித்தபின் நேரம் இருந்தது. பெரியவரின் மகன்தான் அங்கேயும் போகலாம் என்றார். 1891-இல் உண்டான இடம். இங்கே வந்து நோயில் செத்துப்போன ஜப்பானிய விலைமாதர்களுக்காக, விடுதி நடத்திய ஒருவர் நிலம் கொடுத்தார். அந்தப் பெண்களின் கற்களில் பல வெறும் குட்டைக் கற்கள்தான், எழுத்துகூடத் தேய்ந்துவிட்டது. போரோடு படைவீரர்களின் சாம்பலும் அங்கே சேர்ந்தது. சாங்கியில் போர்க்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு உயிரிழந்த 135 பேரின் சாம்பலும் அதில் உண்டு.

ஜப்பானியப் படை சீனர்களைப் பிரித்தெடுத்துக் கொன்ற சூக் சிங் படுகொலையில் வீட்டுக்கு வீடு ஆளை இழந்த ஊர் இது. 1967-இல் பீச் ரோட்டில், போரில் இறந்த குடிமக்களுக்கு நான்கு தூண் எழுப்பிய அதே ஊர், இந்தக் கற்களை இடிக்கவில்லை. 1969-இல் ஜப்பானியர் சங்கத்திடமே இடத்தைத் திருப்பிக் கொடுத்தது. எனக்கு இதில் உண்மையாகவே பெருமை உண்டு. செத்தவனோடு சண்டை கிடையாது என்று அன்றும் சொன்னேன். சொல்லிக்கொண்டே தெராவுச்சியின் நினைவுக்கல் முன்னால் வந்து நின்றோம். ஜப்பானின் தென்திசைப் படைகளுக்கெல்லாம் தலைமைத் தளபதி; 1946-இல் ஜொகூரில் காவலில் இருக்கும்போது இறந்தவர். சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் நடுவே மரண ரயில் பாதை போட்டது அவருக்குக் கீழே இருந்த படைதான் என்றேன்.

பெரியவர் அதுவரை வாயே திறக்கவில்லை. "இவனுக்குக் கல்லு இருக்கு. எங்கப்பாவுக்கு எங்க இருக்கு தம்பி?"

பேராக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அவருடைய அப்பாவைச் சயாமுக்குப் பிடித்துப் போனபோது இவர் கைக்குழந்தையாம். 415 கிலோமீட்டர் பாதை. அதில் இறந்த 12,000-க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளின் உடல்களைப் போர் முடிந்ததும் தேடித் தோண்டியெடுத்து, காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் தான்பியுசயாட்டிலும் அடக்கம் செய்தார்கள். ஆளுக்கு ஒரு கல். அவர்களைவிடப் பல மடங்கு செத்த தமிழர், மலாய்க்காரர், பர்மியரை அப்படி யாரும் தேடவில்லை. இதை எப்படி அவரிடம் சொல்வது?

அதனால் வேறொன்றைச் சொன்னேன். காஞ்சனபுரியில், ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில், பாதை போட்டதில் இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. 1944-இல் எழுப்பியது. அதில் தமிழிலும் கல்வெட்டு இருக்கிறது.

"யாரு வச்சது?"

"ஜப்பான்காரன்தான் ஐயா."

"அடிச்சுக் கொன்னவனா?"

"ஆமாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "தமிழ்ல எழுதிக் குடுத்தது யாரு? நம்மாளாத்தானே இருக்கணும்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இரவு மகன் போன் செய்தார். "அப்பா தூங்காம அதையே கேட்டுக்கிட்டிருக்காரு. இத்தனை வருஷம் அதை மறந்துதான் இருந்தாரு. நீங்க ஏன் சொன்னீங்க?" மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டதனால் சொன்னேன் என்றேன். அது உண்மைதான். எண்பது தாண்டியவர் தன் அப்பாவைப் பற்றிக் கேட்கும்போது மறைக்க நான் யார்? மறந்திருந்தார் என்பதையும் நான் நம்பவில்லை. மறந்தவர் கேட்டிருக்க மாட்டார்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. மலேசியத் தமிழர்கள் அண்மையில் நட்ட நடுகல்லும் அதே காஞ்சனபுரியில், ஒரு புத்த கோயிலில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் எதிரி வைத்த கல் ஏன் என் வாயில் முதலில் வந்தது? சுற்றிலும் எதிரியின் கற்களே நின்றதால் இருக்கலாம். 'பார், அவனும் உங்கள் அப்பாவை நினைத்திருக்கிறான்' என்று, இன்னும் வேலை வாங்கிக்கொண்டிருந்தவன் சார்பில் நான் பேசிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. அப்படி நினைத்துச் சொல்லவில்லை. அவர் காதில் எப்படி விழுந்தது என்பது வேறு.

அவர் கேட்ட கேள்வி மட்டும் போகவே மாட்டேன் என்கிறது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி யாராவது எழுதியிருப்பாரா? மறுநாள் தானும் மண்வெட்டியோடு போகவேண்டிய ஒருவரா? 1944-இல் பாதை முடிந்திருந்தாலும் வேலை முடியவில்லை, சாவும் நிற்கவில்லை. எழுதியவர் ஊர் திரும்பினாரா என்பதற்குக்கூட அந்தத் தூணில் இடமில்லை, ஏனென்றால் அதில் அவர்கள் யாருடைய பெயரும் கிடையாது.

மகனுக்கு இரண்டு நாள் கழித்து நடுகல் இருக்கும் கோயிலின் பெயரையும், பாங்காக்கிலிருந்து போகும் ரயில் விவரத்தையும் அனுப்பினேன். தூண் இருக்கும் இடத்தையும் சேர்த்து அனுப்புவதா என்று நெடுநேரம் யோசித்தேன். அனுப்பினேன்.