மரீ முதல் வில்லியம் கிரீக் வரை: 200 கிலோமீட்டருக்கு ஒரு முழுப் பகல்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து நடுப் பாலைவனத்தில் இருக்கிற உலூரு பாறைக்குப் போகிறோம் என்று யார் வழி கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். ஸ்டூவர்ட் ஹைவேயில் ஒரே மூச்சாகப் போய்ச் சேராதீர்கள், கையில் ரெண்டு நாள் கூடுதலாக இருந்தால் மரீ என்கிற சின்ன ஊர் வழியாகப் போய் ஊட்னடாட்டா டிராக் என்கிற மண் ரோட்டைப் பிடியுங்கள், அதில் மரீக்கும் வில்லியம் கிரீக்குக்கும் நடுவே இருக்கிற 200 கிலோமீட்டருக்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். தார் ரோடாக இருந்தால் ரெண்டு மணி நேரத்தில் தாண்டிவிடலாம். இது மண் ரோடு, பின்னால் கேம்பர் டிரெய்லர் வேறு. நாங்கள் காலை எட்டு மணிக்குக் கிளம்பி, சாயங்காலம் நாலரைக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

கேம்பர் டிரெய்லர் பார்க்காதவர்களுக்கு: காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற பெட்டி அது. இறங்கிய இடத்தில் திறந்து விரித்தால் மெத்தையோடு கூடாரம், பக்கவாட்டில் இழுத்தால் அடுப்பு, பாத்திரம், தண்ணீர்க் குழாய். கேரவனை விட எடை குறைவு என்பதால் இந்த மாதிரி ரோட்டுக்கு வசதி. ஆனால் ரோடு கொடுக்கிற அடியெல்லாம் காரை விட அதுக்குத்தான் அதிகம் விழும்.

மரீயை விட்டு வெளியே வரும்போது ஒரு பெரிய பலகை, எந்தெந்த ரோடு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று காட்டும். அதைப் படிக்காமல் தாண்டக் கூடாது. கொஞ்சம் மழை பெய்தாலே மண் குழைந்து ரோட்டை மூடிவிடுவார்கள். மூடின ரோட்டில் போனால் அபராதம் மட்டுமில்லை, ஈரத்தில் பதிந்த டயர் தடம் காய்ந்து இறுகி, பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் கஷ்டம். பலகை தாண்டினதும் ஓரம் கட்டி டயர் காற்றைக் குறைத்தோம். தார் ரோட்டில் 38 psi வைத்திருந்ததை 28க்கு இறக்கினேன், டிரெய்லருக்கு இன்னும் ரெண்டு குறைவு. அப்புறம் காரின் பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே அட்டையை மடித்து டேப் போட்டு ஒட்டினேன். கார் சக்கரம் எற்றுகிற கல் டிரெய்லர் முகப்பில் பட்டுத் திரும்பி வந்து நம் கண்ணாடியையே உடைக்கும், இந்த ரோட்டில் அப்படி உடைந்தவர்கள் நிறையப் பேர்.

கொருகேஷன் என்று சொல்கிறார்களே, மண் ரோட்டில் குறுக்கே வரிவரியாக விழுகிற மேடு பள்ளம், அது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை விரித்து அதன்மேல் வண்டி ஓட்டுகிற மாதிரி. 60, 65க்கு மேல் நான் போகவில்லை. நிறுத்துகிற இடத்திலெல்லாம் இறங்கி, டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் கை வைத்துச் சூடு பார்ப்பேன், போல்ட்டுகளை ஒருமுறை முடுக்குவேன். எதிரே ரோட் டிரெய்ன், அதாவது பல டிரெய்லர்களை இழுத்து வருகிற நீளமான லாரி, வந்தால் இடது ஓரமாக நின்றுவிட வேண்டும். புழுதி அடங்குகிற வரை முன்னால் ஒன்றுமே தெரியாது. காரில் இருக்கிற UHF பேச்சு ரேடியோவை 40ஆம் சானலில் வைத்திருந்தால் அவர்கள் பேசுவது முன்கூட்டியே கேட்கும்.

மரீ தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நாய் வேலி வரும். டிங்கோ நாய்கள் தெற்கே ஆட்டுப் பண்ணைகளுக்குள் நுழையாமல் இருக்க, குயின்ஸ்லாந்திலிருந்து தெற்குக் கடல் வரை சுமார் 5,600 கிலோமீட்டருக்குப் போட்ட கம்பி வேலி. ரோடு அதைச் சாதாரணமாகத் தாண்டிப் போய்விடுகிறது. வேலிக்கு வடக்கே ஆடு கிடையாது, மாடுதான். அடுத்து ஆல்பரி கிரீக்கில், ரெண்டு விமானங்களை வால் மண்ணில் ஊன்றிச் செங்குத்தாக நிறுத்திய சிற்பப் பூங்கா. பத்து நிமிஷம் போதும். ஏர் ஏரியின் தெற்குப் பகுதி தெரிகிற மேட்டில் கொஞ்சம் கூடுதலாக நின்றோம், கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளை உப்பு. காட்டி தண்டா என்பது இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபானா மக்கள் அதற்கு வைத்த பெயர், இப்போது ரெண்டு பெயரும் சேர்த்தே அதிகாரபூர்வம். ஏரியின் ஆழமான பகுதி கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. ஏரிப் படுகையில் இறங்கி நடக்க வேண்டாம் என்று அரபானா மக்கள் கேட்டுக்கொள்கிறார்கள், மேட்டிலிருந்தே பாருங்கள்.

கர்டிமர்க்காவில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை ஓடின பழைய கான் ரயிலின் ஸ்டேஷன் நிற்கிறது. 1980இல் புதுப் பாதை மேற்கே மாறிப் போனதும் இந்தப் பாதை முடிந்தது. அங்கே நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். வறண்ட இந்தப் பூமியில் எதை நம்பி ரயில் விட்டார்கள் என்று யோசித்தால்தான் இந்த ரோடே புரிய ஆரம்பிக்கும். பதில் அடுத்த நிறுத்தத்தில் இருக்கிறது.

வப்மா கடர்பு பூங்காவில் 'பப்ளர்' என்கிற ஊற்று. மேட்டின் மேல் ஒரு சின்னக் குளம். நடுவில் தண்ணீர் மெல்ல உப்பும், சாம்பல் நிறச் சன்ன மணல் அடியிலிருந்து சுருண்டு மேலே வரும், ஒரு பெரிய குமிழி உடையும், மணல் வட்டமாக விலகிப் படியும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், மறுபடி உப்பும். குளத்திலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு ஓடை வழிகிறது, அது போகிற தூரம் மட்டும் கோரைப் புல் பச்சை, அதுக்கு அப்பால் வெள்ளை உப்பும் கல்லும்தான்.

"ஏங்க, இது எப்போ பெய்ஞ்ச மழை?" என்று மனைவி கேட்டாள். நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான நிலத்துக்கு அடியில் கிரேட் ஆர்ட்டீசியன் பேசின் என்கிற பெரிய நிலத்தடி நீர்ப் படுகை இருக்கிறது. பெரும்பகுதித் தண்ணீர் கிழக்கு மலைப் பக்கம் பெய்து, மணற்பாறைக்குள் இறங்கி, நகர்ந்து நகர்ந்து இந்த ஓரத்தில் பிளவு கிடைத்த இடத்தில் மேலே வருகிறது. உள்ளே இருக்கிற சில தண்ணீருக்கு வயது பத்து லட்சம் வருஷத்துக்கும் மேல். அரபானா மக்களுக்கு இந்த ஊற்றுகள் ஆதிப் பாம்பின் கதையோடு சேர்ந்தவை, வறட்சியிலும் அவர்களை வாழவைத்தவை. 1859இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்கிற நாடாய்வுப் பயணி ஊற்றுக்கு ஊற்று தாவித்தான் வடக்கே போனார். அவர் போன வழியில் 1872இல் தந்திக் கம்பி வந்தது, தந்திக்குப் பின்னால் ரயில், ரயிலுக்குப் பின்னால் நாம் ஓட்டுகிற ரோடு.

இந்த ஊற்றுகள் இப்போது பழைய வேகத்தில் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. நூறு வருஷத்துக்கும் மேலாகப் பண்ணைகள் ஆழ்துளைக் கிணறு போட்டு மூடாமல் ஓடவிட்டதில் அழுத்தம் இறங்கியிருக்கிறது. நிறையக் கிணறுகளை இப்போது மூடிவருகிறார்கள். ஒலிம்பிக் டேம் சுரங்கமும் இந்தப் பேசினிலிருந்துதான் தண்ணீர் எடுக்கிறது. பல ஊற்றுகளில் வேறெங்குமே இல்லாத நத்தைகளும் சின்ன மீன்களும் வாழ்கின்றன, ஒரு ஊற்று வற்றினால் அதுகளுக்குப் போக இடமில்லை. அதனால் தயவுசெய்து பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள், குழந்தைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

குளித்தே ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே கவர்ட் ஸ்பிரிங்ஸ் இருக்கிறது. ரயிலுக்காகத் தோண்டின கிணற்றுத் தண்ணீரில் ஒரு சின்னத் தொட்டி, சுற்றிலும் பேரீச்ச மரங்கள். டிரெய்லரை விரித்து ராத்திரி தங்கவும் இடம் உண்டு, அடுத்த தடவை நான் அங்கேதான் தங்குவேன்.

வில்லியம் கிரீக்கில் ஒரு ஹோட்டல், ஒரு விமான ஓடுதளம், விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். சுற்றிலும் அன்னா கிரீக், உலகத்திலேயே பெரிய மாட்டுப் பண்ணை. இருட்டுவதற்கு முன் அங்கே போய்ச் சேருகிற மாதிரி திட்டம் போடுங்கள், சூரியன் இறங்கினால் கங்காருவும் மாடும் ரோட்டில் நிற்கும். மே முதல் ஆகஸ்ட் வரைதான் சரியான காலம். மரீயிலேயே டேங்கை நிரப்பி, தலைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், வழியில் போன் எடுக்காது. மறுநாள் கூபர் பீடிக்கு 166 கிலோமீட்டர், அதுவும் மண் ரோடுதான், டயரில் காற்றை அதுவரை ஏற்ற வேண்டாம்.