சேராத கம்பி

2026 ஜனவரி 4, ஞாயிறு

எங்கள் ஒளிப்படக் கிளப்பின் மாதப் போட்டி. தலைப்பு 'மார்கழி'. 38 படங்கள். புரொஜெக்டர் வயரைச் சுமந்துபோவது முதல் கோப்பையைக் கொடுப்பது வரை எல்லாம் என் தலையில். அதற்குப் பெயர் போட்டிச் செயலாளர்.

முதல் பரிசு வாங்கியது ஒரு கோலப் படம். பனிமூட்டம், தெருவிளக்கு, ஓட்டு வீடு, குனிந்து கோலமிடும் கிழவி, சாண உருண்டையில் பரங்கிப்பூ. நடுவர்கள் மூன்று பேரும் ஒளியைப் பற்றியே பத்து நிமிடம் பேசினார்கள். பெயரைப் பிரித்தால் எங்கள் போஸ்ட்மாஸ்டர் சார்! கிளப்பிலேயே மூத்தவர். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடமாக எந்தப் பயணத்துக்கும் வரவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

ஜனவரி 5

படத்தை வீட்டில் காட்டினேன். மனைவி விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க கோலம்?" என்றாள்.

"சிக்குக் கோலம்தானே?"

"கம்பி எங்க போய்ச் சேருது, காட்டுங்க பாப்போம்."

சேரவில்லை. ஒரு கம்பி மூன்றாவது புள்ளியைச் சுற்றிவிட்டுத் தரையில் கரைந்துபோகிறது. ஓரிடத்தில் இரண்டு புள்ளிகள் ஒரே வளைவுக்குள். நேர்ப்புள்ளியும் இல்லை, ஊடுபுள்ளியும் இல்லை. வரிசைக்கு வரிசை எண்ணிக்கை ஒழுங்கில்லாமல் மாறுகிறது. "அறுபது வருஷமாப் போடுற கை இப்படிப் போடாது" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

நேற்று நான் பார்த்தது கிழவியின் கண்ணில் ஃபோகஸ் இருக்கிறதா என்று. நடுவர்கள் ஒளியைப் பார்த்தார்கள். கோலத்தை ஒருவரும் பார்க்கவில்லை. நால்வரும் ஆண்கள் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 7

போஸ்ட்மாஸ்டர் சார் வீட்டுக்குப் போனேன். எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது வீண்.

"ஆமா தம்பி, ஏ.ஐ.தான். பேரன் சொல்லிக்குடுத்தான். நாலு வரி எழுதினேன், தமிழ்லயே" என்றார், காபியை ஆற்றிக்கொண்டே. "எங்க அம்மாவை மனசுல வச்சுத்தான் எழுதினேன்."

பிறகு அவர் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இல்லை. நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜர் வைத்திருந்த காலத்தில் திருவையாற்றுக் காவிரிக்கு மேலே கொடைக்கானல் மேகத்தை இன்னொரு நெகட்டிவிலிருந்து இறக்கிப் பரிசு வாங்கியவர் அவர். "அப்ப யாரும் கேக்கலியே? இங்கிலீஷ்காரன் ராபின்சன் 1858லயே அஞ்சு நெகட்டிவை ஒட்டி ஒரு சாகக் கிடக்கிற பொண்ணைப் படமாக்கினான். அதே வருஷம் நம்ம ஊருக்கு வந்த டிரைப் நெகட்டிவ்ல பிரஷ்ஷாலயே மேகம் வரைஞ்சவன். நான் டைப் அடிச்சேன்."

உண்மைதான். அந்தக் காலத்து நெகட்டிவ் நீல ஒளிக்கு அளவுக்கு மீறி வசப்படும். தரைக்குச் சரியாக வைத்தால் வானம் வெளிறிப்போகும். அதனால் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராஃபராக இருந்த லின்னேயஸ் டிரைப் மேகங்களைக் கையால் சேர்த்தார்.

ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. டிரைப் பெரிய கோயிலில் எடுத்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. விமானத்தின் அடிப்பீடத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். மேலே மேகம் வரைந்த ஆள்தான். ஆனால் கீழே கல்வெட்டில் ஓர் எழுத்தைக்கூடத் தன் இஷ்டத்துக்குப் போட்டிருந்தால் அந்த 19 அடியும் குப்பை. இயந்திரத்திடம் அதைக் கேட்டால் கல்வெட்டு மாதிரியே ஒன்றைத் தரும், கோலம் மாதிரியே ஒன்றைத் தந்ததுபோல. சாரிடம் இதைச் சொல்லியிருக்கலாம். இந்த மாதிரி பதிலெல்லாம் எனக்குப் படுத்த பிறகுதான் வரும்.

ஜனவரி 11

கமிட்டி. கோப்பையைப் பேரனிடம் கொடுத்தனுப்பிவிட்டார் சார். சீட்டு எதுவும் இல்லை.

ஏ.ஐ.க்குத் தனிப்பிரிவு வைக்கலாம் என்றார் ஒருவர். 2023இல் சோனி உலகப் போட்டியில் போரிஸ் எல்டாக்சென் தன் ஏ.ஐ. படத்துக்குக் கிடைத்த பரிசை வேண்டாம் என்று சொன்னதை எடுத்துக்காட்டினார். ஏ.ஐ. படமும் ஒளிப்படமும் ஒரே போட்டியில் மோதக்கூடாது என்பதுதானே எல்டாக்சென் வாதம்? சரி, வையுங்கள்; ஆனால் அதை ஓவியர் சங்கம் வைக்கட்டும் என்றேன். முறைத்தார். சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பான ஃபியாப்பின் அங்கீகாரமுள்ள போட்டிகளில் ஏ.ஐ. படம் கூடாது என்ற விதி இருக்கிறது. கடைசியில் அதையே எடுத்துக்கொண்டோம். படத்தின் ஒவ்வொரு பகுதியும் போட்டியாளர் கேமராவில் எடுத்ததாக இருக்க வேண்டும். முதல் பத்து இடத்துக்கு வருபவர்கள் ரா ஃபைல், அதாவது கேமரா பதிந்தபடியே இருக்கும் மூலக் கோப்பு, தர வேண்டும். ஏ.ஐ. வைத்து நாய்ஸ் என்ற புள்ளிப் பிசிறை நீக்கலாம். இல்லாததை நிரப்பக்கூடாது.

இதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மின்கம்பி பற்றிச் சண்டை. கோபுரத்துக்கு முன்னால் போகும் கம்பியை, பக்கத்து வானத்தை நகலெடுத்து மேலே ஒட்டும் குளோன் ஸ்டாம்ப்பால் கையால் அழித்தால் கலையாம், மெஷினை அழிக்கச் சொன்னால் குற்றமாம். எனக்கே சிரிப்பு வந்தது. தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கேமராவில் எடுத்ததுதான் என்று படத்திலேயே டிஜிட்டல் முத்திரை குத்தும் கேமராக்கள் பற்றியும் பேச்சு வந்தது. போன செப்டம்பரில் நிகான் அப்படிக் கொடுத்த சான்றிதழ்களையெல்லாம் திரும்பப் பெற வேண்டி வந்ததைச் சொன்னதும் பேச்சு நின்றது. பாதிப் பேர் கையில் பத்து வருடக் கேமரா என்பது வேறு.

ஜனவரி 19

நேற்று கோடியக்கரை. இன்று குழுவில் படங்கள் வரத் தொடங்கின. எங்கள் உறுப்பினர், கல்லூரி முடித்த பெண், போட்ட பூநாரைக்கு மூன்று கால்.

தனியாகச் செய்தி அனுப்பினேன்: "ஏ.ஐ. ஏதும் பயன்படுத்தினீங்களாம்மா?" எவ்வளவு நாசூக்காகக் கேட்டுவிட்டோம் என்று ஒரு திருப்தி வேறு.

பதில் வரவில்லை. அரை மணி கழித்து 14 ரா ஃபைல்கள் வந்தன, வரிசையாக. ஒன்பதாவதில் பின்னாலிருந்த இன்னொரு பறவை ஓர் அடி எடுத்து வைத்து வெளியே வருகிறது. மூன்றாவது கால் அதனுடையது. கடைசியாக ஒரு வரி: "விடியறதுக்கு முன்னாடியிருந்து சேத்துல கிடந்தேன் சார். நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க."

இருந்தேன். ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன்.

போஸ்ட்மாஸ்டர் சார் மேல் வராத கோபம் இப்போது வருகிறது. ஒரு பொய்ப் படம் பரிசு வாங்கினால் கோப்பையைத் திரும்ப வாங்கிவிடலாம். சேற்றில் கிடந்த பெண்ணை நான் பார்த்த பார்வையை எப்படித் திரும்ப வாங்குவது? 2024இல் மைல்ஸ் ஆஸ்ட்ரே என்பவர் அரூபா தீவில் எடுத்த நிஜப் பூநாரைப் படத்தை ஒரு போட்டியின் ஏ.ஐ. பிரிவில் போட்டுப் பரிசு வாங்கினார். வயிற்றைச் சொறிவதற்காகப் பறவை தலையைத் திருப்பியிருந்தது, அதனால் தலையில்லாத பறவை மாதிரித் தெரிந்தது. அன்றைக்கு அதைப் படித்துச் சிரித்தவன் நான். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கட்டைவிரல் ஒன்று வந்தது.

பிப்ரவரி 1, தைப்பூசம்

கோயிலில் நல்ல கூட்டம். கேமரா கொண்டுபோகவில்லை.

பிப்ரவரி 5

அடுத்த போட்டிக்கு வந்த படங்களைப் பிரித்தேன். எண் 17: பெரிய கோயில் விமானம், பக்கத்தில் முழு நிலா, பள்ளம் மேடெல்லாம் துல்லியமாக. ஒன்பதாம் வகுப்புப் பையன், கைபேசியில் எடுத்தது. ரா ஃபைல் இல்லை. அப்படி ஒன்று உண்டு என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

சிக்கல் நிலாவில். 2023இல் ஒருவர் மங்கலாக்கிய நிலாப் படத்தைத் திரையில் போட்டு, தூரத்திலிருந்து கைபேசியால் எடுத்துக் காட்டினார். மங்கலில் இல்லாத பள்ளங்களைக் கைபேசியே போட்டுக்கொடுத்தது. நாங்கள் எழுதிய விதியில் இதற்கு இடமில்லை. பையன் எதையும் நிரப்பவில்லை, பொத்தானை அமுக்கினான். அவ்வளவுதான்.

போன் செய்து, "நிலாவை நீயா சேர்த்தே?" என்றேன். போன மாதப் பாடம் அரைகுறையாகத்தான் ஏறியிருக்கிறது எனக்கு.

"இல்ல சார். பூசத்தன்னிக்கு எடுத்தது. நிஜமாவே அங்கதான் இருந்துச்சு."

அன்று பிரகாரத்தில் நானும் அண்ணாந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது.