எலியட் கவுண்டி எப்போது கட்சி மாறியது?

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக் கிழக்கு மலைப்பகுதியில் இருக்கும் எலியட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஓர் அதிபர் தேர்தலுக்கு விழும் மொத்த ஓட்டே இரண்டாயிரத்துச் சொச்சம்தான். 1869-இல் உருவான இந்தக் கவுண்டி, 1872 முதல் 2012 வரை நடந்த 36 அதிபர் தேர்தல்களிலும் ஜனநாயகக் கட்சியை விட்டு விலகவில்லை. 1972-இல் அந்தக் கட்சியின் வேட்பாளர் மெக்கவர்ன் நாடெங்கும் மண்ணைக் கவ்வியபோதுகூட இங்கே 65% வாங்கினார். அப்படிப்பட்ட ஊரில் 2016-இல் குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 70%.

‘ஒரே தேர்தலில் கவிழ்ந்த கோட்டை’ என்று தலைப்புப் போடத் தோன்றும். அது தப்புக் கணக்கு. யார் வென்றார் என்று மட்டும் பார்த்தால் வரும் கோளாறு இது.

கவுண்டியில் ஒரு கட்சி பெற்ற சதவீதத்திலிருந்து, அதே தேர்தலில் அந்தக் கட்சி நாடு முழுக்கப் பெற்றதைக் கழித்துப் பாருங்கள். 2004-இல் ஜனநாயகக் கட்சியின் கெர்ரிக்கு எலியட்டில் சுமார் 70%, நாட்டில் 48.3%. ஏறக்குறைய 21 புள்ளி கூடுதல். 2008-இல் ஒபாமாவுக்கு 61%, நாட்டில் 52.9%; கூடுதல் 8 ஆகச் சுருங்கிவிட்டது. 2012-இல் ஒபாமாவுக்கு எலியட்டில் 49.4%, நாட்டில் 51.1%. ஜனநாயகக் கட்சி ஜெயித்த அந்த வருஷமே எலியட் தேசிய சராசரிக்குக் கீழே போய்விட்டது! 2016-இல் ஹிலாரி கிளின்டனுக்கு 25.9%, நாட்டில் 48.2%. ஆக, சரிவு 2008-இலேயே தொடங்கிவிட்டது. 2016-இல் அது இன்னும் வேகமெடுத்து வெளியே தெரிந்தது.

அடுத்து, சதவீதத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தலைகளை எண்ண வேண்டும். 2012-இல் ஒபாமா 1,186, குடியரசுக் கட்சியின் ராம்னி 1,126. வித்தியாசம் 60 ஓட்டு. 2016-இல் டிரம்ப் 2,000, கிளின்டன் 740. ஜனநாயகக் கட்சி இழந்தது 446. குடியரசுக் கட்சிக்குக் கூடியது 874. இழந்த 446 பேரும் அப்படியே கட்சி தாவினார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் மீதி 428 ஓட்டு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, முந்தைய முறை ஓட்டுப் போடாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் மொத்த எண்ணிக்கையை வைத்துத் தனி ஆள் மனசு மாறினான் என்று அடித்துச் சொல்லக் கூடாது. இறப்பு, இடப்பெயர்வு, புதிய வாக்காளர் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது வேட்பாளராகப் பெரோ நின்ற 1992, வாலஸ் நின்ற 1968 போன்ற வருஷங்களில் இரண்டு பெரிய கட்சிகளின் ஓட்டை மட்டும் நூறாக்கிக் கணக்கிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாமவர் தின்ற ஓட்டு கட்சியின் சரிவு போலத் தெரியும். அலபாமா மாநிலத்தில் 1948-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ட்ரூமன் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை. அங்கே பூஜ்யத்துக்கு அர்த்தமே வேறு.

காரணத்துக்கு வந்தால், நிலக்கரி என்று ஒரே வார்த்தையில் முடிப்பார்கள். எலியட்டின் பழைய பிழைப்பு புகையிலை. 1930-களில் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் காலத்தில் வந்த ஒதுக்கீட்டு முறையும் (யார் எவ்வளவு பயிரிடலாம் என்ற வரம்பு) விலை ஆதரவும் சிறு விவசாயியை அரசாங்கத்தோடு, அதன் வழியே கட்சியோடும் கட்டிவைத்திருந்தன. 2004-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த முறையை முடித்தது. காலம் பொருந்துகிறது என்பதாலேயே காரணம் என்று ஆகிவிடாது. ஆனால் கவனிக்காமல் விட்டால் கதை பாதிதான். ஒபாமாவின் தோல் நிறம்தான் காரணம் என்பவர்களுக்கும் 2004-க்கும் 2008-க்கும் நடுவில் ஆதாரம் இருக்கிறது. ஆனால் மிகச் செங்குத்தான சரிவு கிளின்டன் நின்றபோது வந்ததை அது விளக்காது.

இதே கிழக்கு கென்டக்கியில் ஜாக்சன் கவுண்டி, உள்நாட்டுப் போருக்குப் பின் அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியை ஏற்றதே இல்லை. போரில் தாத்தா எந்தப் பக்கம் நின்றாரோ அந்தக் கட்சி என்ற பழக்கம் நூறு வருஷத்துக்கு மேல் தாங்கியது. இப்போது அதிபர் தேர்தலில் இரண்டு கவுண்டிகளும் குடியரசுக் கட்சி பக்கம்.

வாக்காளர் எந்தக் கட்சி என்று காட்டும் பதிவேட்டை நம்பி ஏமாறுவது கடைசிக் கண்ணி. கென்டக்கியில் ஒரு கட்சியில் பதிந்தவர்தான் அதன் உட்தேர்தலில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், ஓட்டுப் போட முடியும். ஷெரீப் யார், கவுண்டி கிளார்க் யார் என்பது ஜனநாயகக் கட்சி உட்தேர்தலிலேயே முடிவாகும் ஊரில், டிரம்புக்குப் போட்டவரும் பதிவை மாற்றமாட்டார். 2019-இல் ஆளுநர் பதவிக்கு நின்ற ஜனநாயகக் கட்சியின் பெஷியர் எலியட்டில் ஜெயித்தார். மறு வருஷம் டிரம்ப் முன்பைவிடக் கூடுதலாக வாங்கினார்.