பேனாவை மூடி வைத்தபோது

சென்ற மாதம் நடந்த ஒரு திட்டக் கூட்டத்தில், என்னோடு பணியாற்றும் ஒரு பெண்மணி "இந்தத் தேதிக்குள் முடிப்பது கடினம் என்று நினைக்கிறேன், ஏனென்றால்..." என்று தொடங்கியபோது, அவர் காரணத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கிட்டுத் தேதியை உறுதிசெய்துவிட்டேன். அவர் பேசாமல் பேனாவை மூடி வைத்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பத்து நாள் கழித்து, சோதனைக்கு ஆள் போதாமல் வேலை நின்றபோதுதான், அவர் சொல்ல வந்தது அதுவே என்று தெரிந்தது.

"நினைக்கிறேன்" என்பதை நான் தயக்கமாக எடுத்துக்கொண்டேன். அவருக்கோ அது மற்றவர் கருத்துக்கும் இடம் விடும் மரியாதை. மொழியியலாளர் டெபோரா டானன் 1990களில் விரிவாக எழுதியது இத்தகைய பேச்சுப்பாணி வேறுபாடுகளைப் பற்றித்தான். அதற்கும் முன்பே, 1975இல் சிம்மர்மன், வெஸ்ட் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆணும் பெண்ணும் பேசிய 11 உரையாடல்களை ஆராய்ந்ததில், 48 குறுக்கீடுகளில் 46 ஆண்கள் செய்தவையாக இருந்தன. சிறிய ஆய்வுதான், பின்னர் வந்த ஆய்வுகள் பலவற்றில் இவ்வளவு பெரிய இடைவெளி தென்படவில்லை. (என்னளவில் அந்த 1975 முடிவு அப்படியே பொருந்தியது என்பது வேறு.)

ஆண்கள் இப்படி, பெண்கள் அப்படி என்று பிரித்துச் சொல்லித்தரும் பயிற்சி வகுப்புகளில் எனக்கு நம்பிக்கையில்லை. இப்போதெல்லாம் முடிவை அறிவிக்கும் முன், "சொல்ல வந்ததை முடித்துவிட்டீர்களா?" என்று கேட்கிறேன். முதன்முறை கேட்டபோது அவர் சற்று வியப்புடன் பார்த்துவிட்டு, "இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன" என்றார்.