கல்வி மாவட்டம் ஒன்றில் தொழில்நுட்பப் பயன்பாட்டை மதிப்பிட்ட அனுபவம்

வட தமிழ்நாட்டின் கல்வி மாவட்டம் ஒன்றில் ஆசிரியர் பயிற்றுநராகப் பணியாற்றுகிறேன். அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன்மிகு வகுப்பறைகளும் கற்றலுக்கு எந்த அளவு துணைநிற்கின்றன என்று ஆராய்ந்து அறிக்கை தரும் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அதுவரை பயன்பட்டு வந்த படிவம், கருவிகளின் எண்ணிக்கை, பழுதானவை, ஆய்வகம் இயங்கிய மணிநேரம் ஆகியவற்றை மட்டுமே கேட்டது. பராமரிப்புக்கு இந்த விவரங்கள் தேவைதான். ஆனால் பிள்ளைகள் என்ன கற்றார்கள் என்பதை இவற்றிலிருந்து யாராலும் சொல்லிவிட முடியாது. பள்ளிக் கணினிகளுக்குப் பெருமளவில் செலவிட்ட நாடுகளின் மாணவர்களிடம் வாசிப்பிலோ கணிதத்திலோ அறிவியலிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தென்படவில்லை என்று, பதினைந்து வயது மாணவர்களுக்கான பிசா (PISA) பன்னாட்டுத் தேர்வின் முடிவுகளை வைத்து, அதை நடத்தும் ஓஇசிடி (OECD) என்ற பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வறிக்கை தெரிவித்தது. தொடக்கப் பள்ளிகளுக்கென்றே 22,931 திறன்மிகு வகுப்பறைகளைத் திட்டமிட்ட நம் மாநிலத்தில் அதே கேள்வியை நாமும் கேட்டே ஆக வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே வலியுறுத்தினேன்.

வகுப்பறையில் தொழில்நுட்பம் பயன்படும் விதத்தை நான்கு படிகளாகப் பிரிக்கும், ரூபன் புயென்டெடுரா வகுத்த ‘சாமர்’ (SAMR) மாதிரி புதிய படிவத்துக்கு ஓரளவு உதவியது. கரும்பலகையில் எழுதுவதையே திரையில் காட்டுவது அதன் முதல் படி. கருவி இல்லாமல் செய்யவே இயலாத ஒரு கற்றல் பணியை மாணவருக்குத் தருவது கடைசிப் படி. இத்துடன், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாணவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பதியும் பகுதியையும் சேர்த்தோம். வெள்ளோட்டமாக, ஒரே பாடவேளையை இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிட்டபோது, ‘ஈடுபாடு’ என்ற கட்டத்தில்தான் மதிப்பெண்கள் பெரிதும் வேறுபட்டன. அமைதியாகத் திரையைப் பார்த்திருந்த வகுப்புக்கு ஒருவர் முழு மதிப்பெண் தர, மற்றவர் மிகக் குறைவாகவே தந்திருந்தார். ஆகவே அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டு, கேள்வி கேட்டார், கணித்துச் சொன்னார், வரைந்தார், விளக்கினார் என்று கண்ணுக்குத் தெரியும் செயல்களை மட்டும் வைத்துக்கொண்டோம்.

ஆசிரியர்களின் அச்சத்தைப் போக்குவதுதான் இவற்றையெல்லாம்விடக் கடினமாக இருந்தது. “இது நடவடிக்கைக்காகவா, சார்?” என்று தலைமையாசிரியர் ஒருவர் நேரடியாகவே கேட்டார். அறிக்கையில் ஆசிரியர் பெயரோ பள்ளியின் பெயரோ இடம்பெறாது என்று மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெற்று, அதன் நகலைப் பள்ளிகளுக்கு அனுப்பி, பார்வையிடும் நாளையும் முன்கூட்டியே தெரிவித்தோம். அதன் பிறகுதான் இயல்பாகப் பேசத் தொடங்கினார்கள்.

ஒன்பதாம் வகுப்புக் கணிதப் பாடவேளை ஒன்றை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லி வருகிறேன். ஆசிரியை ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் ஒரு வட்டத்தைத் திறந்து வைத்திருந்தார். ஒரு வில் மையத்தில் 100 பாகையும் பரிதியில் 50 பாகையும் தாங்கி நின்றது. பரிதிப் புள்ளியை நகர்த்துவதற்கு முன், கோணம் மாறுமா மாறாதா என்று ஒவ்வொருவரையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். மாறும் என்றே பலரும் எழுதியிருந்தார்கள். புள்ளி நகர நகர 50 அப்படியே நின்றது. புள்ளி அந்த வில்லுக்குள்ளேயே நுழைந்ததும் கோணம் 130 ஆனது. பின்வரிசை மாணவி ஒருவர் எழுந்து, “ரெண்டையும் கூட்டினா 180 வருது, டீச்சர்” என்றார். வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வரும் என்ற தேற்றத்தை ஆசிரியை இன்னும் தொட்டிருக்கவே இல்லை.

அதே வகைக் கருவிகள் உள்ள மற்றொரு பள்ளியில் காணொளி பாடவேளை முழுவதும் இடைநிறுத்தமின்றி ஓடியது. பிள்ளைகள் ஒழுங்காகக் குறிப்பெடுத்தார்கள். வகுப்பு முடிந்ததும் சிலரிடம் விளக்கச் சொன்னபோது, கடைசியில் திரையில் வந்த சுருக்கத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டால் விடை வரவில்லை. பயிற்சி வகுப்புகளில் காணொளியைத் திறக்கக் கற்றுக்கொடுத்தோமே தவிர, அதை எந்த இடத்தில் நிறுத்தி எதைக் கேட்பது என்று கற்றுக்கொடுக்கவில்லை என்பதால், இதற்காக அந்த ஆசிரியரைக் குறை சொல்வது நியாயமாகாது என்பது என் கருத்து.

தேர்வு மதிப்பெண்களை ஒப்பிடலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை. காலிப்பணியிடங்களும் மாணவர் வருகையும் பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்போது, அந்த வேறுபாட்டைக் கருவியின் கணக்கில் எழுத முடியாது.

ஆய்வகப் பதிவேடுகளைப் புரட்டியபோது இன்னொன்றும் தெளிவானது. பதிவான நேரத்தில் பெரும்பகுதி இணையவழித் தேர்வுகளுக்கும் பள்ளி, மாணவர் விவரங்களை எமிஸ் (EMIS) என்ற அரசு இணையதளத்தில் பதிவேற்றுவதற்கும் போயிருந்தது. பாடம் நடத்துவதற்கு எஞ்சியது சொற்பமே. யுபிஎஸ் மின்கலம் செயலிழந்த பள்ளிகளில், மின்தடை வந்தால் சர்வர் நின்று, அதை நம்பியிருக்கும் எல்லாக் கணினிகளும் ஒருசேர அணைந்துவிடும் என்பதால் ஆசிரியர்கள் அங்கே பாடம் நடத்தவே தயங்கினார்கள்.

அறிக்கையில் மூன்று கோரிக்கைகளை வைத்தோம்: கால அட்டவணையில் பாடத்துக்கென்று ஆய்வக நேரத்தை ஒதுக்குவது, மின்கலங்களை மாற்றுவது, அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஒருவர் பாடத்தை மற்றவர் பார்த்து விவாதிப்பது. முதலாவதும் மூன்றாவதும் ஏற்கப்பட்டன. மின்கலங்களுக்கான கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஒவ்வொரு ஆய்வுக் கூட்டத்திலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.